அடியில் இருந்த பொட்டு

மகளின் தண்ணீர் பாட்டில் அடி தனியாகக் கழன்று வந்தபோது அவளுக்கு மூன்றரை வயது. கண்டுபிடித்தது அவள்தான். சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் பாட்டிலைக் கிடத்திக்கொண்டு, வட்டமான ஒரு தகட்டைத் தூக்கிக் காட்டினாள். "அம்மா, பாட்டில்லேருந்து தட்டு வந்துடுச்சு!"

வாங்கிப் பார்த்தேன். மெல்லிய எவர்சில்வர் தகடு. ஓரம் சற்று மடங்கி, குட்டித் தட்டு மாதிரியேதான் இருந்தது. உள்பக்கத்தில் காய்ந்துபோன மஞ்சள் பசை. பாட்டிலைக் கவிழ்த்ததும் அந்தத் தகடு இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த நிஜமான அடி தெரிந்தது. கொஞ்சம் குழிந்த பரப்பு, நடுவே சின்னப் பள்ளம், பள்ளத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. பென்சிலின் பின்முனை அகலம் இருக்கும். விரலால் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது. ஏதோ பற்ற வைத்த தடம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் யாரும் செய்வதைத்தான் செய்தேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஒரு காகிதத்தின் மேல் நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன். காகிதம் நனையவில்லை. சரி, ஒழுகவில்லை, அப்படியென்றால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் அந்தத் தகடு மகளின் பொம்மைகளுக்குச் சாப்பாட்டுத் தட்டாக இருந்தது. பாட்டில் அடியில்லாமல் வீடு முழுக்கச் சுற்றியது. மூன்றாம் நாள் என் கணவர் பசை வைத்து ஒட்டினார். ஒரு வாரத்தில் மறுபடி கழன்றது. மறுபடி ஒட்டினார், இந்த முறை நிறையப் பசை. தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. பாட்டில் மேசை மேல் நின்றால் லேசாக ஆடும். அதோடு எட்டு மாதம் ஓடியது.

அந்த மின்னஞ்சல் வந்தபோது விளம்பரம் என்று நினைத்து மூன்று நாள் திறக்கவே இல்லை. 'முக்கியமான பாதுகாப்பு அறிவிப்பு' என்று தலைப்பு. இந்தக் காலத்தில் தள்ளுபடி அறிவிப்புக்கும் 'முக்கியம்' என்றுதானே போடுகிறார்கள். திறந்து படித்தால் உள்ளே நாலே வரி. குறிப்பிட்ட சில மாடல் பாட்டில்களின் அடிமூடி கழன்று விழக்கூடும். விழுந்தால் காரீயம் கலந்த ஒரு பற்றவைப்புப் புள்ளி வெளியே தெரியும். உடனே உபயோகிப்பதை நிறுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம்.

அந்த நேரத்தில் என் மனம் என்ன செய்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பயப்படுவதற்கு முன்னால் அது தப்பிக்க வழி தேடியது. 'குறிப்பிட்ட சில மாடல்' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, நம்முடையது அதில் இருக்காது என்று முடிவே கட்டிவிட்டது. அந்தப் பாட்டிலின் மூடி ஒருநாளும் கசிந்ததில்லை, குடிநீர் மணி கணக்கில் ஜில்லென்று இருக்கும், கீழே எத்தனை முறை போட்டும் உடையவில்லை. இவ்வளவு நல்ல பாட்டில் எப்படிப் பட்டியலில் இருக்கும்?

பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க ஓர் எண் வேண்டும். அது அடித்தகட்டில் பொறித்திருக்கும் என்றது அறிவிப்பு. அதாவது எந்தத் துண்டு கழன்று விழும் என்கிறார்களோ, அதே துண்டில். எங்கள் வீட்டில் அந்த எண்ணின் மேல் பசை வழிந்து இறுகிக் கிடந்தது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துப் பத்து நிமிடம் தேய்த்த பிறகு ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. கடைசி இலக்கத்தைப் படிக்கும்வரை, அது வேறாக இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் இருந்தது.

அன்றிரவுதான் அந்தப் பொட்டு எதற்கு என்று தேடிப் படித்தேன். ஃபிளாஸ்க் என்பது உண்மையில் இரண்டு பாத்திரம், ஒன்றுக்குள் ஒன்று. இரண்டுக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. காற்று இல்லையென்றால் சூடோ குளிரோ கடப்பது கடினம். 1892இல் ஜேம்ஸ் டியூவர் என்ற விஞ்ஞானி, கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களைச் சேமித்து வைக்கக் கண்ணாடியில் இப்படி ஒரு குடுவை செய்தார். குழந்தையின் பாட்டிலிலும் அதே தத்துவம்தான், கண்ணாடிக்குப் பதில் எவர்சில்வர். இரண்டு சுவர்களையும் வாய்ப்பக்கம் ஒன்றாக இணைத்துவிட்டு, வெளிச்சுவரின் அடியில் ஒரு சின்னத் துளை விடுவார்கள். துளையின் மேல் சீக்கிரம் உருகக்கூடிய ஒரு மணியை வைத்து, வெற்றிட உலைக்குள் அனுப்புவார்கள். நடுவில் இருக்கும் காற்றெல்லாம் துளை வழியே வெளியேறும். சூடு ஏற ஏற மணி உருகித் துளையை அடைத்துக்கொள்ளும். ஆறியதும் பாட்டில் ஆயுளுக்கும் மூடியாகிவிடும். அந்த மணிதான் நான் விரலால் தடவிய பொட்டு. காரீயமே சேராத மணிகளை வைத்தும் இதைச் செய்கிறார்கள். எல்லோரும் செய்வதில்லை.

நாம் பொதுவாக 'ஈயம்' என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் அது இரண்டு உலோகம். வெள்ளீயம் சாது. காரீயம்தான் வில்லங்கம். வெட்டினாலோ தேய்த்தாலோ காரீயம் பளபளக்கும். காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தால் சாம்பல் நிறமாக மங்கிவிடும். ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளையின் பழமொழியில் எந்த ஈயம் என்று யாரும் கேட்டதில்லை, அது வேறு கதை.

குடிக்கும் தண்ணீர் அந்தப் பொட்டைத் தொடுவதே இல்லை. இதைப் படித்ததும் எனக்கு ஒரு நிமிடம் மூச்சு வந்தது. உள்சுவர் வேறு, பொட்டு இருக்கும் வெளிச்சுவர் வேறு. ஆனால் மூன்றரை வயதுக் குழந்தைக்கு உள்சுவர், வெளிச்சுவர் என்ற பேதம் ஏது? எதையும் கவிழ்ப்பாள், தடவுவாள், அந்த விரலை வாயில் வைப்பாள், சில நேரம் நேராக நாக்கையே வைப்பாள். ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனால், பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் தீங்கில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்றும் சொல்கிறது. அது மூளை வளர்ச்சியில் கை வைக்கும். வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது.

மறுநாள் மருத்துவரிடம் போனோம். அவர் பதறவில்லை. எத்தனை நாள் அடி திறந்திருந்தது என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள், அப்புறம் இடையில் ஒருநாள் என்று நான் சொல்ல, கணவர் "இல்ல, ரெண்டாவது தடவையும் ரெண்டு மூணு நாள் அப்படியேதான் கெடந்துச்சு" என்றார். ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்காகக் காத்திருந்த இரண்டு நாளில் வீட்டில் யாரும் அந்தப் பாட்டிலைப் பற்றிப் பேசவில்லை. பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தோம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பதைக் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருக்கிறது. மகளுக்கு அதற்கு நன்றாகக் கீழே வந்தது. நிம்மதி வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. பாதிக் கோபம் நிறுவனத்தின் மேல். மீதி, காகிதத்தின் மேல் பாட்டிலை வைத்துச் சோதித்த புத்திசாலியின் மேல்.

அதன் பிறகு சில வாரம் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, திரும்பப் பெறப்பட்ட கோப்பை, குடுவை, பாட்டில் அறிவிப்புகளாகத் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வருடக்கணக்கில் இவற்றை அடுக்கி வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 'சேஃப்டி கேட்' என்று ஒரு பட்டியல் உண்டு. எங்கள் பாட்டிலுக்கு நடந்தது புதிதே இல்லை. 2022 நவம்பரில் கிரீன் ஸ்பிரவுட்ஸ் நிறுவனம் சுமார் 10,500 குழந்தைக் குடுவைகளைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம் அச்சு அசலாக இதுவே. அடி கழன்று, காரீயப் புள்ளி வெளியே தெரிந்தது.

படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது. நாம் பாட்டிலை எங்கே கழுவுகிறோம்? உள்ளே. எங்கே முகர்ந்து பார்க்கிறோம்? உள்ளே. துரு இருக்கிறதா, பாசி பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் உள்ளேதான். இந்த அறிவிப்புகளில் முக்கால்வாசியில் குறை உள்ளே இல்லை. அடியில், மூடியில், மரையில், உறிஞ்சும் மூக்கில், வெளிப்பூச்சில்.

2010 ஜூனில் மெக்டொனால்ட்ஸ் 1 கோடியே 20 லட்சம் கண்ணாடி டம்ளர்களைத் திரும்பப் பெற்றது. ஷ்ரெக் படத்துக் கதாபாத்திரங்களை வெளிப்பக்கம் வரைந்திருந்த டம்ளர்கள். அந்தப் படங்களின் பூச்சில் கேட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தது. டம்ளருக்குள் ஊற்றியதைப் பற்றிய கவலை அல்ல அது. பிடித்திருக்கும் பிஞ்சுக் கையில் ஒட்டி, கையிலிருந்து வாய்க்குப் போவதைப் பற்றிய கவலை. குழந்தை ஆசைப்பட்டு வாங்கச் சொன்னதே அந்தப் படத்துக்காகத்தான் இருந்திருக்கும்.

காண்டிகோ நிறுவனத்தின் கதை என்னை அதிகம் தொந்தரவு செய்தது. குழந்தைகளுக்கான அவர்களுடைய ஒரு வகைப் பாட்டிலில் சிலிக்கோன் மூக்கு கழன்றுவிடும், தொண்டையில் சிக்கலாம் என்று 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 57 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். அப்போது 149 புகார்; அதில் 18 முறை அந்த மூக்கு குழந்தையின் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் மாற்று மூடி அனுப்பினார்கள். 2020 பிப்ரவரியில் மறுபடி ஓர் அறிவிப்பு. மாற்றாக அனுப்பிய மூடியிலும் மூக்கு கழல்கிறதாம்! புகார் 427 ஆகியிருந்தது, வாய்க்குள் கிடந்தவை 27. முதல் அறிவிப்பைப் பார்த்து, பொறுப்பாக எழுதிக் கேட்டு, மூடி வந்ததும் மாற்றிப் பொருத்தி, 'அப்பாடா' என்று உட்கார்ந்த அம்மா அப்பாக்களை நினைத்துப் பார்த்தேன். அறிவிப்பை மதித்தவர்கள் கையில்தான் அந்த இரண்டாவது மூடி இருந்தது.

மூடி என்றால் வெறும் மூடி என்று நினைத்திருந்தேன். 2024 டிசம்பரில் ஸ்டான்லி நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 26 லட்சம் பயணக் கோப்பைகளைத் திரும்பப் பெற்றதும் மூடியால்தான். சூடும் திருகும் விசையும் சேர்ந்து மூடியின் மரையைச் சுருங்க வைத்து, குடிக்கும்போதே மூடி கழன்றுவிடக்கூடும் என்றார்கள். உலகம் முழுக்க 91 புகார், 38 பேருக்குத் தீக்காயம், அதில் 11 பேர் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. சூடாக வைத்திருக்கத்தான் அந்தக் கோப்பை. மரைக்கு ஆகாததும் அந்தச் சூடே.

எல்லாவற்றையும்விடக் கொடுமை 2025 ஜூலையில் வால்மார்ட் திரும்பப் பெற்ற ஓசார்க் டிரெயில் எவர்சில்வர் பாட்டில். சுமார் 8.5 லட்சம். மூடியைத் திறக்கும்போது அது குண்டு மாதிரி பாய்ந்து முகத்தில் அடித்திருக்கிறது. காயம்பட்டதாகச் சொன்ன மூவரில் இருவருக்கு நிரந்தரமாகப் பார்வை போய்விட்டது. பழச்சாறு, பால், சோடா போன்றவற்றை ஊற்றி நேரம் கழித்துத் திறந்தபோது நடந்தவை இவை. தண்ணீர் மட்டும் ஊற்றியிருந்தால் வம்பில்லை. ஆனால் பாட்டில் என்று ஒன்று இருந்தால் எதையாவது ஊற்றத்தானே செய்வோம்.

சாறு புளிக்கும்போது வாயு உண்டாகும். பிளாஸ்டிக் பாட்டில் என்றால் உப்பிக் காட்டிக்கொடுக்கும். எவர்சில்வர் முகம் மாறாமல் நிற்கும். ஒரு மூடியின் குறுக்களவு 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பரப்பு ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர். உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ கூடியிருந்தால் மூடியைக் கீழிருந்து தள்ளுவது 60 கிலோ. வளர்ந்த ஓர் ஆள் எடை. அதை விரலால் திருகித் திறக்கிறோம், முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு.

சோடா பாட்டிலின் கழுத்தை அடுத்த முறை உற்றுப் பாருங்கள். மரை தொடர்ச்சியாக ஓடாது. இடையிடையே மேலிருந்து கீழாக வெட்டு விட்டிருக்கும். அச்சு சரியில்லாததால் வந்த குறை என்று நான் நினைத்திருக்கிறேன். அவை வாயு போகும் வழி. மூடி முழுதாகக் கழல்வதற்கு முன்பே, மரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, 'புஸ்' என்று காற்று வெளியேறிவிடும். நாம் குடித்துவிட்டு நசுக்கிப் போடும் பாட்டிலில் யாரோ இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

விதிவிலக்கும் உண்டு, சொல்லிவிட வேண்டும். பாலிகார்பனேட் பால்புட்டிகளில் பிரச்சினை பாட்டிலின் உடம்பிலேயே இருந்தது. அந்தப் பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பீனால் ஏ (பிபிஏ) என்ற வேதிப்பொருள் பாலில் கசியும் என்ற கவலையால் ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் பால்புட்டிகளில் அதற்கு இடமில்லை என்றன. 'பிபிஏ இல்லை' என்ற முத்திரையைப் பார்த்தாலே நமக்கு மனம் நிறைந்துவிடுவது அதிலிருந்துதான். என் மகளின் பாட்டிலிலும் அந்த முத்திரை பெரிதாக இருந்தது. எவர்சில்வரில் பிபிஏ எங்கிருந்து வரும் என்று நானும் கேட்டதில்லை.

இந்த ராப்படிப்புக்கு நடுவில்தான் சுரீரென்று நினைவு வந்தது. நான் வாங்கியது ஒன்றல்ல, இரண்டு. இன்னொன்று அண்ணன் மகனுக்கு.

அறிவிப்பு வாங்கியவருக்கு வரும். பாட்டில் வாங்கியவரிடம் இருப்பதில்லை. பரிசாகப் போகும், பெரியவனிடமிருந்து சின்னவனுக்குப் போகும், பள்ளியில் மாறிப்போகும். அமெரிக்க ஆணையம் 2017இல் இதற்கென்றே ஒரு கூட்டம் போட்டு வைத்த கணக்கின்படி, திரும்பப் பெறப்பட்ட பொருட்களில் கடைகளிலும் கிடங்குகளிலும் இருந்தவை பெருமளவு சரிசெய்யப்பட்டுவிட்டன. வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தவற்றில் 6 சதவீதம்தான். முதலில் நம்ப முடியவில்லை. அப்புறம் மூன்று நாள் திறக்காத என் மின்னஞ்சலை நினைத்துக்கொண்டேன்.

காலையில் அண்ணிக்குப் போன் செய்தேன்.

"எந்த பாட்டிலு? அந்த நீலமா?"

"அதேதான் அண்ணி. அதோட அடி கெட்டியா இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்."

"அடியா? அது எப்பவோ கழண்டு போச்சே. எங்க போச்சுன்னே தெரியல. அடி இல்லாமலே நல்லாத்தான் இருந்துச்சு, ஒழுகலையே."

ஒழுகலையே. நானும் அதைத்தானே சொன்னேன்.

"அவன் இப்ப அதுல தண்ணி குடிக்கிறானா?"

"இல்லம்மா, மூடி தொலைஞ்சு போச்சு. இப்ப சும்மா விளையாட்டுச் சாமான்தான். ஏன், என்ன விஷயம்?"

சொன்னேன். பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும் என்று முந்தின இரவே யோசித்து வைத்திருந்தேன். 'காரீயம்' என்ற சொல் வந்ததும் அந்தப் பக்கம் சத்தமில்லை. "குடிக்கிறதில்லையே, அப்புறம் என்ன" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. தண்ணீரில் இல்லை அண்ணி, அடியில் என்றேன். சரி, தேடி எடுத்து வைக்கிறேன் என்றார்.

நிறுவனத்துக்கு எழுதினேன். எங்கள் பாட்டிலுக்கு எளிதாக முடிந்தது: மார்க்கரால் 'திரும்பப் பெறப்பட்டது' என்று பாட்டில் மேல் எழுதி, எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். இரண்டாவதற்கும் எண் தெரியும் படம் கேட்டார்கள். அடி கழன்று விழும் என்று நீங்களேதான் சொல்கிறீர்கள், விழுந்துவிட்டது, எண்ணும் அதோடு போய்விட்டது, இப்போது எண்ணுக்கு நான் எங்கே போவது என்று கேட்டு எழுதினேன். மூன்று நாள் கழித்து, எண் வேண்டாம், அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் இருந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. மறுமுனையில் இருந்தவர் நல்லவர்தான் போலிருக்கிறது.

அண்ணியிடம் படம் கேட்டேன். அன்று மாலையே அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு: "இது எப்பவும் கவுத்துப் போட்டபடிதான் கெடக்கும். மேளம் அடிக்கிறேன்னு ரெண்டு கையாலயும் தட்டிக்கிட்டே இருப்பான்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த நீலப் பாட்டில், குழிந்த அடி, நடுவில் பொட்டு. எங்கள் வீட்டுப் பாட்டிலில் அது சாம்பல் நிறமாக மங்கிக் கிடந்தது. இதில் புது நாணயம் மாதிரி மின்னியது.

அவனுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்ல உடனே போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.